பொறி விழும் வட்டம்

அவிநாசி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். கேமரா வைத்த இடம் நன்றாக இருக்கிறது. அந்தப் பையன் திரும்பிப் பார்க்கும் இடத்தில் ஒரு நொடி நிறுத்திப் பிறகு வெட்டியிருப்பது இன்னும் நன்றாக இருக்கிறது. நீ கேட்டது வெடி எப்படி என்று. அதை நான் கடைசியில்தான் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது, உங்களுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அடுக்கியிருந்த கட்டிங் வேஸ்ட் மூட்டைகள். அதில் ஒரு மூட்டை வாய் பிரிந்து துணுக்குகள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. வீடியோ முடிகிற நேரத்தில் ஒரு பொறி அந்தப் பக்கமாகப் போகிறது. அது எங்கே விழுந்தது என்று உங்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தீர்கள்.

பகலெல்லாம் கட்டிங் டேபிளில் நின்றுவிட்டு, ராத்திரி கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் குறும்படம் எடுக்கிறாய். அந்த ஆசையில் ஒரு துளியைக்கூடக் குறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் அடுத்த படத்தில் குடோன் எரிகிற காட்சி இருக்கிறது, அதை நிஜ நெருப்பிலேயே எடுக்கப் போகிறோம், பங்குனி நோம்பிக்கு மேடையில் பொறி பீய்ச்சும் கோல்ட் பைரோவும் வைக்கப் போகிறோம் என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் இவ்வளவு நீளக் கடிதம். போனில் சொன்னால் “சரி மாமா” என்று சொல்லி வைத்துவிடுவாய்.

நான் சினிமாவில் வேலை பார்த்தவனில்லை. துணி எப்படி எரியும் என்று பார்ப்பதைப் பிழைப்பாக வைத்திருந்தவன். எக்ஸ்போர்ட் துணிக்கு லேபில் செய்யும் சோதனைகளில் ஒன்று 16 சி.எஃப்.ஆர். 1610. அமெரிக்காவுக்குப் போகும் உடைக்கு அவர்கள் வைத்திருக்கும் தீச்சோதனை அது. துணியில் 50 மில்லிமீட்டர் அகலம், 150 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுவோம். அடுப்பில் வைத்து ஈரம் போக உலர்த்துவோம். பெட்டிக்குள் 45 டிகிரி சாய்வில் பொருத்தி, கீழ் முனையில் ஒரு சின்னச் சுடரை ஒரே ஒரு நொடி தொடவிடுவோம். மேல் பக்கம் துணியின் குறுக்கே ஒரு பருத்தி நூல் கட்டியிருக்கும். நெருப்பு ஏறி அந்த நூலை அறுத்ததும் எடை விழுந்து கடிகாரம் நின்றுவிடும். சாதாரண சிங்கிள் ஜெர்சி துணி இந்தச் சோதனைக்கே வர வேண்டியதில்லை. அந்தக் கனத்துக்கு விலக்கு உண்டு. பிரஷ் பண்ணிய ஃபிளீஸ் வரும்போதுதான் லேபில் எல்லோரும் எட்டிப் பார்ப்போம். மேலே எழுப்பிவிட்ட மெல்லிய இழைகளுக்கு நடுவே காற்று நிறைய இருக்கிறது. சுடர் பட்டதும் அந்த மேல்பரப்பில் மட்டும் தீ சரசரவென்று ஒரு ஓட்டம் ஓடும். ஓடியது அணைந்துவிட்டால் துணி தப்பியது. அடித்துணியும் பிடித்துக்கொண்டு 4 நொடிக்குள் நூல் அறுந்தால் அந்தத் துணியில் உடை தைத்து அங்கே விற்க முடியாது.

இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கிய சட்டம் அவர்களுக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1950-களின் தொடக்கத்தில் பிரஷ் பண்ணிய ரேயான் ஸ்வெட்டர்கள் அங்கே சந்தைக்கு வந்தன. சிகரெட் நெருப்பு பட்டாலே உடல் முழுக்கப் பற்றிக்கொண்டன. ‘தீப்பந்த ஸ்வெட்டர்’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்த பிறகுதான் 1953-இல் சட்டம் வந்தது. உனக்கு இதை ஏன் சொல்கிறேன் தெரியுமா? வீடியோவில் திரியைப் பற்ற வைக்கக் குனிகிறாயே, அப்போது நீ போட்டிருந்தது எக்ஸ்போர்ட் சர்பிளஸ் ஃபிளீஸ் ஹூடி. பிரஷ் பண்ணிய பக்கம் வெளியே தெரிகிற ரகம். தலைக்குப் பின்னால் தொங்கிய தொப்பியின் நாடா, பற்ற வைத்த இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

தீ வித்தையில் புதிதாக இறங்கும் எல்லோரும் செய்வது இதுதான். கண் முழுக்க நெருப்பின் மேல் இருக்கும். கூரை என்ன, தரையில் என்ன கிடக்கிறது, யார் எந்தத் துணியில் நிற்கிறார்கள், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதெல்லாம் பிறகு யோசிக்க வேண்டிய சில்லறை விஷயமாகத் தோன்றும். இந்தத் தொழிலில் பழகியவர்கள் அப்படியே தலைகீழாக வேலை செய்கிறார்கள். இடத்தைப் பார்த்து முடித்த பிறகுதான் நெருப்பைப் பற்றிப் பேசவே தொடங்குவார்கள்.

நம் ஊர் இடத்தை எடுத்துக்கொள். பனியன் கம்பெனி எதற்குள்ளும் போய் அண்ணாந்து பார். டியூப் லைட் மேல், ஃபேன் இறக்கையில், குறுக்குச் சட்டத்தில், ஒயர் மேல் எல்லாம் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். வாரம் ஒருமுறை ஏர் அடித்துத் தட்டினாலும் அடுத்த வாரம் அதே கனத்துக்கு வந்து உட்காரும். ஃபிளீஸ் மேல்பரப்பில் தீ ஓடும் என்றேனே, அதே ஓட்டம் கட்டடத்தின் உட்கூரையில் ஓடும் என்று வைத்துக்கொள். கீழே நிற்பவர்களுக்குத் தலைக்கு மேல் தீ போவது முதலில் தெரியவே தெரியாது. வேஸ்ட் மூட்டை வேறு மாதிரி. அதன் மேல் பொறி விழுந்தால் உடனே சுடர் எழும்ப வேண்டும் என்று இல்லை. உள்ளே போய்க் கனன்றுகொண்டே கிடக்கும். மணிக்கணக்கில்கூடக் கிடக்கும். நீங்கள் கேமராவை மடக்கி, டீ குடித்து, வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு காற்றுப் பட்ட பக்கமாக எரிந்து வெளியே வரும். தண்ணீர் அடித்து அணைத்த மூட்டைகூட உள்ளே ஈரம் இறங்காமல் மறுபடி பற்றிக்கொள்ளும். 2023 ஜூனில் திருப்பூர் காதர்பேட்டை பனியன் பஜாரில் ஒரே ராத்திரியில் ஏறக்குறைய ஐம்பது கடைகள் போயின. அங்கே யாரும் சினிமா எடுக்கவில்லை. நம் சரக்கு அப்படிப்பட்டது, அவ்வளவுதான்.

திருப்பூர் பாண்டியன் நகர் விஷயம் உனக்குத் தெரியாமல் இருக்காது. 2024 அக்டோபர் 8. கோயில் திருவிழாவுக்கென்று ஒரு குடியிருப்பு வீட்டில் உரிமம் இல்லாமல் நாட்டு வெடி செய்துகொண்டிருந்தார்கள். வெடித்தது. ஒன்பது மாதக் குழந்தை உட்பட மூன்று பேர் இறந்தார்கள். அந்தத் தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் நம்மைப் போலக் கம்பெனிக்குப் போய் வருகிற சனம். நோம்பிக்கு வெடி வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனால் மருந்து வைத்திருந்த சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்ற கணக்கு அங்கே விட்டுப்போயிருந்தது.

நீங்கள் பட்டாசைப் பிரித்து மருந்தைக் கொட்டிச் சேர்த்தீர்கள் என்று எழுதியிருந்தாய். அதில் எது எவ்வளவு போட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தாய். அதற்கு என்னிடமிருந்து பதில் வராது. கடையில் வாங்கிய பட்டாசு ஒவ்வொன்றும் அந்த அளவு மருந்துக்கும் அந்தத் திரிக்கும் அந்தக் காகிதச் சுற்றுக்கும் கணக்குப் பார்த்துச் செய்தது. அதைப் பிரித்துக் கொட்டிய நொடியிலிருந்து உன் கையில் இருப்பது பட்டாசு இல்லை, பெயர் தெரியாத வெடிமருந்து. எந்த ரகத்தில் எந்த உப்பு இருந்தது என்று உனக்குத் தெரியாது. இரண்டு ரகம் சேர்ந்தால் எது எதோடு சேரும் என்றும் தெரியாது. சில கலவைகள் தீயே இல்லாமல் ஒரு உரசலில் பற்றும். அப்படிப்பட்ட ஒன்றை மத்திய அரசு 1992-லேயே நாடு முழுக்கத் தடை செய்தது. பாலிஸ்டர் டி-ஷர்ட்டில் சேரும் நிலை மின்சாரம் போதும் சில பொடிகளுக்கு. சிவகாசிப் பட்டறைகளில் பருத்தி உடுப்பு போட்டுக்கொள்வதும், இரும்பைத் தவிர்த்து மரத்திலும் பித்தளையிலும் கருவி வைத்திருப்பதும் அதனால்தான். அத்தனை பழக்கம் உள்ள ஊரில்கூட 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் சுமார் நாற்பது உயிர் போயிற்று. அவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு, உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற ஓடிப் போனவர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-இல் வந்த விதிகளும் நடைமுறையில் இருக்கின்றன. உரிமம் இல்லாமல் வெடிமருந்து செய்தால் மூன்று வருடம் வரை சிறை. சினிமாவுக்கு என்றாலும் கோயிலுக்கு என்றாலும் அதேதான்.

இப்போது படப்பிடிப்புக்கு வருகிறேன். மைசூரில் பிரீமியர் ஸ்டுடியோ என்று ஒன்று இருந்தது. 1989 பிப்ரவரி 8. திப்பு சுல்தானைப் பற்றிய தொலைக்காட்சித் தொடருக்கு அங்கே உள்ளரங்கில் படப்பிடிப்பு நடந்தது. சுவர்களில் தீத்தடுப்புப் பொருள் எதுவும் இல்லை. கோணிச் சாக்கு அடித்திருந்தார்கள். காற்றுப் போக வழி கிடையாது. பெரிய விளக்குகளின் சூட்டில் அரங்கு முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. தீப்பிடித்தது. 62 பேர் இறந்தார்கள். நாயகனாக நடித்து இயக்கவும் செய்த சஞ்சய் கானுக்கு உடம்பில் பாதிக்கு மேல் தீக்காயம். பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்து எழுபதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டார். அங்கே இருந்தவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. பணம் இருந்தது, ஆள் இருந்தது, அனுபவமும் இருந்தது. சாக்குச் சுவரும் காற்றில்லாத அறையும் அந்த அனுபவம் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் எடுக்கப் போகும் குடோனை நினைத்துக்கொண்டு இந்தப் பத்தியை இன்னொரு தடவை படி.

மேடையில் வைக்கும் கோல்ட் பைரோவைப் பற்றி நிறையப் பேர் தப்பாக நினைத்திருக்கிறார்கள். பேரில் குளிர்ச்சி இருப்பதால் அது சுடாது என்று வாடகைக்குக் கொடுப்பவரும் சொல்கிறார், வாங்குபவரும் நம்புகிறார். இதில் இரண்டு வகை புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, மெஷின். டைட்டானியம், சிர்க்கோனியம் போன்ற உலோகக் குருணையைச் சூடாக்கி ஃபேன் வைத்து மேலே ஊதும். துகள் மிகச் சின்னது என்பதால் கொஞ்ச தூரம் போவதற்குள் சூடு இறங்கிவிடும். கையை நீட்டினால் சுடவில்லை என்று காட்டுவார்கள். நீட்டுவது மேலே. வாய்ப்பக்கம் நீட்டிக் காட்டச் சொல், மாட்டார்கள். மற்றொன்று, ஒயர் இணைத்து ஸ்விட்சில் பற்ற வைக்கும் குழாய். அது நேரடியாகவே வெடிமருந்து, நம் புஸ்வாணத்துக்கு அண்ணன். இரண்டிலும் எரிவது உலோகம் என்பதை மறக்காதே. மெஷினுக்குள் குருணை தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, சீற்றம் கூடும். உலர்ந்த மணலோ, உலோகத் தீக்கென்று உள்ள பவுடரோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ‘தி ஸ்டேஷன்’ என்ற இரவு விடுதியில் ஒரு ராக் கச்சேரி. முதல் பாட்டுக்கு மேடையில் புஸ்வாணம் போன்ற குழாய்களைப் பற்ற வைத்தார்கள். மேடைக்குப் பின் சுவரில் சத்தம் அடங்குவதற்காக ஃபோம் ஒட்டியிருந்தது. பொறி அதில் பட்டது. பார்வையாளர்கள் சிலர் அதுவும் காட்சியின் பகுதி என்று நினைத்து ஆரவாரம் செய்தார்கள். பிறகு எல்லோரும் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலை நோக்கியே ஓடினார்கள்; மற்ற வாசல்கள் இருந்தும் அங்கே நெரிசல் கட்டிக்கொண்டது. ஆறு நிமிடம் ஆவதற்குள் கட்டடம் முழுக்கத் தீ. 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரியில் பிரேசிலின் சாண்டா மரியாவில் அதே கதை, வெளியே வைக்க வேண்டிய பொறிக்குழாயை உள்ளே வைத்தார்கள், 242 பேர் இறந்தார்கள். 2023 செப்டம்பர் 26 அன்று ஈராக்கின் கராகோஷில் ஒரு கல்யாண மண்டபம். மணமக்கள் ஆடும்போது தரையிலிருந்து பொறி பீய்ச்சியது. உட்கூரையும் அலங்காரமும் பற்றிக்கொண்டன. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நம் மண்டபங்களில் ரிசப்ஷனுக்கு மேலே என்ன கட்டுகிறோம்? சாட்டின் துணி, நெட் துணி, தெர்மாகோல், துணிப்பூ. இது வெகுதூரத்தில் மட்டும் நடப்பதில்லை. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், மணமகனும் அதில் போய்விட்டார். அங்கே பைரோ எதுவும் இல்லை. வீடியோ விளக்குக்கு இழுத்த ஒயர்தான்.

உலகத்தில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எளிமையானது, மனதில் போட்டுக்கொள். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் 1126-ஆம் எண் தரவிதிப்படி, பார்வையாளர்கள் பக்கத்தில் இருக்கும்போது வைக்கும் பைரோவுக்கு முதலில் பொறி விழும் வட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றை வெட்ட வெளியில் வைத்துப் பார்த்தால் பொறியும் சாம்பலும் எத்தனை அடி வரை விழுகிறது என்று தெரியும். அந்தத் தூரத்தைப் போல இரண்டு மடங்கு, அல்லது 15 அடி, எது பெரிதோ அதற்கு அப்பால்தான் சனம் நிற்கலாம். அந்த வட்டத்துக்குள்ளும் அதற்கு மேலேயும் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. உங்கள் நோம்பி மேடையின் அகலத்தை ஒருமுறை டேப் வைத்து அள. இரண்டு பக்கமும் மெஷின் வைத்து நடுவில் பிள்ளைகளை ஆடவிட்டால் அவர்கள் எந்த வட்டத்துக்குள் நிற்பார்கள் என்று நீயே வரைந்து பார்க்கலாம்.

பொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் கதையில் ஹோலி மாதிரி ஒரு காட்சி இருக்கிறது. மைதா, சோளமாவு, மஞ்சள் தூள், வண்ணப்பொடி எல்லாம் கும்பலாகக் கிடக்கும்போது சாது. காற்றில் புகையாகப் பறக்கும்போது ஒவ்வொரு துகளைச் சுற்றியும் காற்று இருக்கிறது. ஒரு சூடான விளக்கு போதும். 2015 ஜூன் 27 அன்று தைவானில் ஒரு நீர்ப் பூங்காவில் இசை நிகழ்ச்சிக்கு வண்ணச் சோளமாவைப் பீய்ச்சினார்கள். அது ஒரே தீக்கோளமாக மாறிற்று. 15 பேர் இறந்தார்கள், காயம்பட்டவர்கள் ஐந்நூறுக்குச் சற்றுக் குறைய. வெறுங்காலுடன், நீச்சல் உடையில் நின்ற இளவட்டங்கள் பலரும். ஆகவே பொடி இருக்கும் காட்சியில் நெருப்பு இல்லை, நெருப்பு இருக்கும் காட்சியில் பொடி இல்லை. ஹைட்ரஜன் பலூனும் அப்படித்தான். 2020 செப்டம்பரில் சென்னை பாடியில் ஒரு பிறந்தநாள் விழாவில் பட்டாசுப் பொறி பட்டுக் கொத்துப் பலூன் வெடித்துப் பலர் கருகினார்கள்.

சரி, குடோன் எரிய வேண்டுமே! எரியும். அதற்கு நெருப்பு வேண்டியதில்லை என்பதுதான் இந்தக் கலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ‘மாயா பஜார்’ 1957-இல் வந்த படம். மார்கஸ் பார்ட்லி கேமரா. அதில் கண்ட மாயமெல்லாம் பெரும்பாலும் கேமராவுக்குள்ளேயே செய்தது. கையில் இருந்ததை வைத்துப் பொறுமையாகக் கணக்குப் போட்டவர்கள் அவர்கள். உன் கையில் இருக்கும் போனில் அவர்களுக்குக் கிடைக்காத வசதிகள் இருக்கின்றன.

பார்ப்பவர் நெருப்பை நம்புவது பெரும்பாலும் நடிகரின் முகத்தில் விழும் வெளிச்சத்தை வைத்துத்தான். இரண்டு எல்.இ.டி. விளக்கில் ஆரஞ்சுத் தாளைக் கட்டி, ஒன்றைத் தாழ்வாக, ஒன்றை அதைவிடக் கொஞ்சம் உயரமாக வை. விளக்குக்கு முன்னால் கிழித்த துணிப் பட்டைகளை ஒருவர் கையில் பிடித்து ஒழுங்கில்லாமல் ஆட்டட்டும். ஒரே தாளத்தில் ஆட்டினால் டிஸ்கோ விளக்காகிவிடும், நெருப்புக்குத் தாளம் கிடையாது. இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் மங்கக் கூடாது. ஃபாக் மெஷின் வாடகைக்குக் கிடைக்கும்; புகையை நடிகருக்குப் பின்னால் விட்டு, அதன் வழியே வெளிச்சத்தை அடி. இதை முதலில் ஒரு ராத்திரி வீட்டு மொட்டை மாடியில் செய்து பார். சுடர் காட்டாமலே உன் அம்மா “என்னடா எரியுது” என்று மேலே ஏறி வந்துவிடுவாள்.

சுடரே தெரிய வேண்டிய இடத்தில், ஒரு சின்னச் சுடரைக் கறுப்புப் பின்னணியில், ராத்திரியில், நொடிக்கு 120 ஃபிரேமில் தனியாக எடு. நொடிக்கு 24 ஃபிரேமில் ஓட விட்டால் ஐந்து மடங்கு மெதுவாகும். சின்னச் சுடர் பெரிய தீயின் நடையில் அசையும். எடிட்டிங்கில் ‘ஸ்கிரீன்’ மோடில் போட்டால் கறுப்பு மறைந்துவிடும், சுடர் மட்டும் உன் குடோன் காட்சியின் மேல் உட்காரும். கூரை சரிந்து விழுவதற்கு அட்டையில் மாதிரி செய்யலாம். அதற்கும் ஒரு கணக்கு உண்டு: மாதிரி எத்தனை மடங்கு சிறியதோ அதன் வர்க்க மூலத்தால் ஃபிரேம் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு என்றால் வர்க்க மூலம் 4. 24-ஐ 4-ஆல் பெருக்கினால் 96. அப்படி எடுத்தால்தான் அட்டைக் கூரை நிஜக் கூரையின் கனத்தோடு விழும். இதைச் செய்து பார்த்தவன் எவனும் மறுபடி வெறும் வெடிக்கு ஆசைப்படமாட்டான் என்று நினைக்கிறேன்; கணக்குப் பலித்துக் கண்முன் நடக்கும்போது வரும் சந்தோஷம் அவ்வளவு பெரியது.

மண் தெறிக்கிற வெடிக்கு சினிமாக்காரர்கள் அழுத்தக் காற்றையும் பயன்படுத்துகிறார்கள். குழாயில் தக்கைத் துண்டும் முல்தானி மட்டி மாதிரி எரியாத மண்ணும் போட்டுக் காற்றால் எறிவார்கள். கம்பெனியில் கம்ப்ரஸர் இருக்கிறது, ஏர் கன் இருக்கிறது என்று உடனே உனக்குத் தோன்றும். அழுத்தக் காற்றை விளையாட்டுக்கு உடம்பின் மேல் பிடித்து நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் உயிர்கள் போயிருக்கின்றன. குழாய் செய்வதை மெயின்டனன்ஸ் அண்ணனை வைத்துத்தான் செய்ய வேண்டும், குறைந்த அழுத்தத்தில், குழாய்க்கு மேல் தலை நீட்ட ஆளில்லாமல், எல்லோரும் கண்ணாடி போட்டுக்கொண்டு. இதை இப்போதைக்கு ஒத்திவைத்தாலும் படத்துக்கு ஒன்றும் குறையாது.

நிஜத் தீயைத்தான் கற்க வேண்டும் என்ற ஆசை அப்படியும் போகவில்லை என்றால், கற்றவரிடம் போ. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் தீப்பெட்டித் தொழில் பழகக் கல்கத்தாவுக்குப் போனார்கள். அந்நிய ஊரில் இன்னொருவர் பட்டறையில் இருந்து கற்றுக்கொண்டு வந்துதான் ஊரில் தொழில் தொடங்கினார்கள். கலிஃபோர்னியாவில் சினிமாவுக்கு வெடி வைப்பவருக்கு மாநிலத் தீயணைப்புத் துறை உரிமம் தருகிறது. அதில் வகுப்புகள் உண்டு, ஏற்கெனவே உரிமம் உள்ளவரின் கீழ் பழகாமல் மேலே போக முடியாது. சென்னையில் ஃபயர் எஃபெக்ட் செய்யும் யூனிட்டுகளில் உதவியாளாகச் சேர்ந்தவர்கள் முதலில் செய்வது வாளியில் மண் நிரப்புவதும் ஈரச் சாக்கு போடுவதும்தான். அதைக் கேவலமாக நினைக்காதே. தீயை அணைக்கும் வேலையை முதலில் கற்றவனுக்குத்தான் பற்ற வைக்கும் வேலையைக் கையில் கொடுக்கலாம்.

பெருமாநல்லூர் கொண்டத்துக் காளியம்மன் கோயிலில் குண்டம் இறங்கித் தீ மிதிப்பதை நீ சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்திருக்கிறாய். பார்க்கும்போது நம் கண் இறங்குகிறவர்கள் மேலேயே இருக்கும். அடுத்த பங்குனியில் குண்டத்தைச் சுற்றி நிற்பவர்களைப் பார். ராத்திரி முழுக்க விறகை எரித்து, கட்டைகள் எஞ்சாமல் கங்குகளைச் சமனாகத் தட்டி விடுகிறார்கள். விரதம் இருந்தவர் தவிர யாருக்கும் உள்ளே வழியில்லை. வரிசை கலையாமல் ஒருவர் பின் ஒருவராக விடுகிறார்கள், தடுமாறுகிறவரைத் தாங்கிப் பிடிக்கக் கரையில் ஆள் நிற்கிறது, தீயணைப்பு வண்டி பக்கத்திலேயே நிற்கிறது. ஆவேசத்துக்கு அங்கே குறைவே கிடையாது. அதைச் சுற்றி அத்தனை ஒழுங்கு இருப்பதால் அது நிலைத்து நடக்கிறது.

எதிலாவது தவறு நடந்துவிட்டால் செய்ய வேண்டியதை உன் கூட்டாளிகள் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகும்வரை சொல்லிக் கொடு. உடுப்பில் தீப்பிடித்தவன் ஓடக் கூடாது. நின்று, தரையில் படுத்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உருள வேண்டும். தீக்காயத்தின் மேல் ஓடும் குழாய்த் தண்ணீர், இருபது நிமிடம். ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், மஞ்சளும் நெய்யும் வேண்டாம். மோதிரம், கயிறு, வாட்சை வீக்கம் வருவதற்குள் கழற்று. பாலிஸ்டர் உருகித் தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதே, அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். 108-க்கு ஒருவர், 101-க்கு ஒருவர் என்று போன் செய்யும் ஆள் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். திரி வைத்தது வெடிக்கவில்லை என்றால் குனிந்து பார்க்கப் போகிறவன்தான் நம் ஊரில் ஒவ்வொரு தீபாவளிக்கும் கண்ணை இழக்கிறான். பொறி பறந்த எந்த இடத்திலும் வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னது உன் முதல் வெடி நல்லபடியாக முடிந்துவிட்டதால்தான். அடிபட்டிருந்தால் நீயே நிறுத்தியிருப்பாய். ஒன்றும் ஆகவில்லை என்பதால் அடுத்தது பெரிதாக வேண்டும் என்று தோன்றுகிறது, கைதட்டல் வேறு. அன்றைக்குக் காற்று கொஞ்சம் திரும்பியிருந்தால் அந்தப் பொறி வாய் பிரிந்த மூட்டைக்குள் போயிருக்கும். அது உங்கள் சாமர்த்தியத்தில் தப்பியதில்லை என்று நீ ஒத்துக்கொண்டாக வேண்டும்.

மீதி இருக்கிற மருந்தை என்ன செய்வது என்று கேட்பாய். சூடு, உரசல் எதுவும் படாமல் கிடக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, அந்தப் பக்கம் யாரையும் விடாதே. இன்றைக்கே எனக்குப் போன் பண்ணு. பல்லடம் ரோட்டில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி ஒருவரை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன், எடுக்கும் முறையை அவர் பார்த்துக்கொள்வார். உன்மேல் கோபப்பட மாட்டார், நல்ல மனுஷன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு இங்கே வா. கதையைப் பிறகு படிக்கலாம். வருவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில் அந்தக் குடோனை வரைந்து எடுத்துக்கொண்டு வா: நீளம், அகலம், கூரை எதனால் போட்டது, மூட்டைகள் எந்த மூலையில், மெயின் ஸ்விட்ச் எங்கே, எத்தனை கதவு, எது வெளிப்பக்கம் திறக்கும், எதற்குப் பூட்டு, சாவி யாரிடம். டேப் வைத்து அளந்து போடு, குத்துமதிப்பாக வேண்டாம். விளக்கை எங்கே வைப்பது, கேமராவை எங்கே வைப்பது என்று அந்தத் தாளின் மேலேயே உட்கார்ந்து பேசுவோம்.

அத்தை உனக்குப் பிடித்த அரிசிம்பருப்பு சாதம் செய்வதாகச் சொல்கிறாள்.

அன்புடன்,
உன் மாமா